மாடி சினிமா குழு: சனிக்கிழமை நிஷிகாவா

மாலதி அக்கா, மாலை 6:42
சனிக்கிழமை மாடில போடற படத்துக்கு லிஃப்ட் பக்கத்துல ஒட்ட ஒரு குறிப்பு வேணும். வேற குரூப்ல இருந்து இது வந்துச்சு. அப்படியே ஒட்டிடலாமா?
↪ முன்னனுப்பப்பட்டது: "மிவா நிஷிகாவா, பிறப்பு 1974, ஹிரோஷிமா. நவோகி பரிசு பெற்ற நாவலாசிரியை. தன் நாவல்களையே தொடர்ந்து படமாக்கி வருபவர்."

அருண், 6:49
வேண்டாம் அக்கா. ஊரும் வருஷமும் சரி, மத்த ரெண்டும் தப்பு.

அருண், 6:51
நவோகிங்கறது ஜப்பான்ல ஒரு பெரிய இலக்கியப் பரிசு. அதுக்கு ரெண்டு தடவை இறுதிப் பட்டியலுக்கு வந்தாங்க, பரிசு வாங்கல. 2009ல ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு, 2015ல 'நகாய் இவாகே' நாவலுக்கு. நாம போடறது அந்த நாவலோட படம், 2016.

ஃபாத்திமா, 6:58
"நாவல்களையே படமாக்கி"ங்கறதுதான் பெரிய தப்பு. 'யுரேரு' முதல்ல திரைக்கதை, படம். அதை முடிச்சப்புறம் உட்கார்ந்து நாவலா எழுதினாங்க. ரெண்டும் 2006லயே வெளிவந்துச்சு. நாவல் மிஷிமா இலக்கியப் பரிசுக்குப் பரிந்துரை ஆச்சு, படம் கான் திரைப்பட விழால டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்ங்கற பிரிவுக்குப் போச்சு. 'நகாய் இவாகே'க்குத்தான் நாவல் முதல்ல.

மாலதி அக்கா, 7:01
படம் எடுத்தாச்சுன்னா அப்புறம் எதுக்குப்பா நாவல்?

ஃபாத்திமா, 7:06
படத்துல சொல்ல முடியாததை வைக்க அக்கா. 'யுரேரு'ல ஒரு தொங்குபாலத்துல இருந்து ஒரு பொண்ணு விழுந்து செத்துடறா. கூட நின்ன அண்ணன் தள்ளினானா, பிடிக்கப் போனானா? ஊரைவிட்டுப் போய் டோக்கியோல ஃபோட்டோகிராஃபரா இருக்கற தம்பி பார்த்தது என்ன? கேமரா பதிலைத் தள்ளிப் போட்டுக்கிட்டே போகும், கோர்ட் சீன் வந்தும் நமக்குத் தெளியாது. நாவல்ல ஒவ்வொரு அத்தியாயமும் ஒருத்தர் வாய்மொழி. தம்பி சொல்றது, அண்ணன் சொல்றது, அந்தப் பொண்ணு சொல்றதுன்னு போகும். படத்துல மூஞ்சியை மட்டும் காட்டிட்டு விட்ட ஆளுங்க இங்க பேசறாங்க. அதனால படத்தை முதல்ல பாருங்க. நாவலை முதல்ல படிச்சா பாலத்து சீன்ல பாதி வேலை போயிடும்.

சுந்தரம் சார், 7:15
'டியர் டாக்டர்' (2009) இதே மாதிரிதான். கிராமத்து மருத்துவம் பத்தி நேர்ல போய்த் தேடினதுல படத்துக்குள்ள அடங்காத சரக்கு நிறைய மிஞ்சிச்சு. அதுதான் 'கினோ நோ கமிசாமா'ங்கற அந்தச் சிறுகதைத் தொகுப்பு. படத்துல போலி டாக்டர் ஒருத்தர். நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சு நுரையீரல் சுருங்கின கேஸ் வரும். ஊசி குத்திக் காத்தை வெளிய விடணும், இல்லன்னா ஆள் போயிடும். அவருக்கு எங்க குத்தணும்னு தெரியாது, பக்கத்துல நிக்கற நர்ஸுக்குத் தெரியும். அவங்க கண்ணாலயே வழி காட்டுவாங்க. சரியா ஆராயாம எழுதற ஆளுக்கு இந்த சீன் வராது.

மாலதி அக்கா, 7:19
இவங்க சினிமாவுக்கு எப்படி வந்தாங்க? அதையும் ஒரு வரி போடலாம்.

அருண், 7:24
வசேதா பல்கலைக்கழகத்துல இலக்கியம். ஒரு டிவி தயாரிப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனப்ப நேர்காணல் பண்ணினவங்கள்ல ஒருத்தர் டைரக்டர் கோரே-எடா. தன்னோட 'ஆஃப்டர் லைஃப்' படத்துல ஸ்டாஃபா சேர்த்துக்கிட்டார். 2002ல இவங்க முதல் படம் 'ஹெபி இச்சிகோ'வையும் அவரேதான் தயாரிச்சார். ஆனா "கோரே-எடாவின் சிஷ்யை"ன்னு போட்டுடாதீங்க. அவர் குடும்பத்தைக் கொஞ்சம் பரிவோட பார்ப்பார், இவங்க அதே குடும்பத்துல பொய் எங்க இருக்குன்னு தேடுவாங்க.

ஜெயந்தி, 7:31
சனிக்கிழமை படத்தோட கதை என்ன? பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

ஃபாத்திமா, 7:35
ஒரு நாவலாசிரியர். மனைவி ஒரு தோழியோட சேர்ந்து வெளியூர் போற வழில பஸ் விபத்துல இறந்துடறாங்க. அந்த நேரம் இவர் வீட்ல இன்னொரு பொண்ணோட இருக்கார். அழுகையே வரல. அப்புறம் அந்தத் தோழியோட வீட்டுக்காரர், லாரி டிரைவர், அவர் ரெண்டு குழந்தைங்களைப் பார்த்துக்கப் போறார். சின்னப் பசங்களுக்கு வேண்டாம் ஜெயந்தி.
அந்த நாவலாசிரியர் பேரைக் கவனிங்க: கினுகாசா சச்சியோ. ஹிரோஷிமா கார்ப் பேஸ்பால் அணில இதே பேர்ல உச்சரிக்கற ஒரு ஜாம்பவான் இருந்தார், தொடர்ந்து 2215 ஆட்டம் ஆடினவர், பட்டப்பேரே 'இரும்பு மனுஷன்'. அந்தப் பேரைச் சுமக்க முடியாம இவர் புனைபெயர் வெச்சுக்கறார். ஹிரோஷிமாக்காரங்களுக்குத்தான் இந்தக் குசும்பு வரும்.

சுந்தரம் சார், 7:44
ஷூட்டிங் விஷயம் ஒண்ணு. இது சூப்பர் 16ங்கற 16 மி.மீ. ஃபிலிம்ல, ஏறக்குறைய ஒரு வருஷம் பருவம் பருவமா எடுத்தது. குழந்தைங்க நிஜமாவே வளரணும்னு. அப்படி விட்டு விட்டு எடுத்தா ஒவ்வொரு தடவையும் யூனிட்டைத் திரும்பக் கூட்டணும், எல்லார் கால்ஷீட்டும் ஒத்து வரணும், செலவு ஏறும். ஆனா 16 மி.மீ.ல 400 அடி ரோல் 11 நிமிஷம் ஓடும். 35 மி.மீ.ல அதே 400 அடி நாலரை நிமிஷம் தாண்டாது. குழந்தைங்க நடிக்கறப்ப 'கட்' சொல்லாம விடறதுக்கு அது பெரிய வசதி. கேமராவும் சின்னது, வீட்டுக்குள்ள அடங்கும்.

சுந்தரம் சார், 7:47
அதனால அருண், புரொஜெக்டர்ல நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் ரெண்டையும் ஆஃப் பண்ணு. 16 மி.மீ. படத்துல பொடி பொடியா அசையறது ஃபிலிமோட இயல்பு. மிஷின் அதை அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சா மூஞ்சியெல்லாம் மெழுகு ஆயிடும். ஷார்ப்னஸையும் குறை, இல்லன்னா அந்தப் பொடி கல்லு கல்லாத் தெரியும்.

அருண், 7:49
சரி சார். பிக்சர் மோடு 'சினிமா'ல வெச்சுட்டு ஒவ்வொண்ணா பார்த்துடறேன்.

மாலதி அக்கா, 7:58
இப்ப பாருங்க:
"மிவா நிஷிகாவா (பி. 1974, ஹிரோஷிமா). இயக்குநர், நாவலாசிரியர். சில கதைகளை நாவலாக எழுதிப் படமாக்கினார்; சிலவற்றைப் படமாக்கிய பின் நாவலாக எழுதினார். இருமுறை நவோகி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவர். அனைத்துப் படங்களும் சொந்தக் கதை."

அருண், 8:03
கடைசி வரி மட்டும் மாத்துங்க. அவங்களோட 'சுபாராஷிகி செகாய்' படம் சாகி ரியூசோ 1990ல எழுதின நாவல்ல இருந்து எடுத்தது. 13 வருஷம் சிறைல இருந்துட்டு வர்ற பழைய யாகுசா (ரவுடிக் கும்பல்) ஆளா நடிகர் கோஜி யாகுஷோ. அதுல காலத்தை இன்னிக்கு மாத்திட்டாங்க, சும்மா மாத்தல. இப்ப ஜப்பான்ல யாகுசாவை விட்டு வந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு பேங்க் அக்கவுண்ட், வாடகை வீடு எல்லாமே இழுபறி. கதையோட முடிச்சே அங்கதான் இறுகுது.

மாலதி அக்கா, 8:05
"பெரும்பாலும் சொந்தக் கதை"ன்னு மாத்திட்டேன். பிரிண்ட் போடறேன்.

சுந்தரம் சார், 8:06
நேரமும் போடும்மா. படம் 124 நிமிஷம். 7 மணிக்கு ஆரம்பிச்சா 9:05க்கு முடியும். நாற்காலி அவங்கவங்க கொண்டு வரணும்.