ஈர்ப்பைத் திருப்பும் ஓட்ட விளையாட்டு: தட்டிய பிறகும் சாகிறேன், ஏன்?

கூரைநடையன் கேட்டது:

வணக்கம். ஒரே பட்டன் விளையாட்டு ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். உலாவியிலேயே ஓடுகிற சின்ன விளையாட்டுதான். ஆள் தானாகவே வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பான். தட்டினால் ஈர்ப்பு திரும்பும். தரையில் ஓடியவன் கூரையில் தலைகீழாக ஓடுவான். இன்னொரு தட்டு, மறுபடி தரை. குதிக்க முடியாது, நிற்க முடியாது, பின்னால் போகவும் முடியாது. எதிரிகள் என்று பார்த்தால் முள், ஓட்டை, நடுவில் மிதக்கும் கட்டைகள்.

ஆரம்பத்தில் சுகமாகப் போகிறது. இரண்டாம் தடவை வேகம் கூடும்வரை டீவி பார்த்துக்கொண்டே ஆடுவேன். மூன்றாம் தடவை கூடியதும் கதை முடிந்தது. சாவும் எப்போதும் ஒரே மாதிரிதான்: முள்ளைப் பார்க்கிறேன், தட்டுகிறேன், ஆளும் தரையை விட்டுக் கிளம்புகிறான், ஆனால் காலில் முள் உரசிவிடுகிறது. தட்டவே இல்லை என்றால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். தட்டிய பிறகு சாவதுதான் எரிச்சல்.

இன்னொரு வகைச் சாவும் உண்டு. பதற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை தட்டிவிடுவேன். இரண்டாவது தட்டு சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. ஏன் என்று பிடிபடவில்லை.

எனக்கு நாற்பது தாண்டியாயிற்று. "கை வேகம் எல்லாம் போயிடுச்சுப்பா, விட்டுடு" என்கிறாள் மகள். அவள் அதே விளையாட்டில் நான்காம் கட்டத்தை அனாயாசமாகத் தாண்டுகிறாள். எப்படி என்று கேட்டால், "சும்மா தட்டுப்பா." இதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மின்னல்விரல்:

மகள் கட்சிதான் நானும், சும்மா தட்டுங்கள் :) விளையாட்டு போனிலா, கணினியிலா? அதைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.


கூரைநடையன்:

போனில்தான். வலது கட்டைவிரலால் தட்டுகிறேன்.


ஆறாம்வி:

ஐயா, உங்கள் இரண்டு சாவுக்கும் காரணம் வேறு வேறு. சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஈர்ப்பைத் திருப்பும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, கால் ஏதாவது ஒரு பரப்பில் பட்டிருந்தால்தான் திருப்ப விடும். அந்தரத்தில் தட்டினால் கண்டுகொள்ளாது. டெர்ரி காவனா 2010-இல் வெளியிட்ட விவிவிவிவிவி (ஆமாம், ஆறு வி, என் பெயரும் அங்கிருந்து வந்ததுதான்) அப்படித்தான். ஜியோமெட்ரி டேஷ் என்ற ஓட்ட விளையாட்டில் ஆள் எடுக்கும் வடிவங்களில் ஒன்றான பந்தும் அப்படித்தான். அதே ஜியோமெட்ரி டேஷில் 2023 கடைசியில் வந்த ஸ்விங் என்ற வடிவம் நேர்மாறு: அந்தரத்திலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பலாம். உங்கள் விளையாட்டு முதல் வகையாக இருந்தால், உங்கள் இரண்டாவது தட்டு விழும் நேரத்தில் ஆள் கூரையைத் தொட்டிருந்தால் வேலை செய்யும், ஒரு மயிரிழை முன்னால் விழுந்தால் வீண். தடையில்லாத நீளமான இடம் வரும்போது வேண்டுமென்றே படபடவென்று தட்டிப் பாருங்கள். நடுவில் திரும்புகிறதா, பரப்பைத் தொட்ட பிறகுதானா என்று உடனே தெரிந்துவிடும். இது தெரியாமல் ஆடுவது வீண் வேலை.

இனி முக்கியமானது, தட்டிய பிறகும் சாவது.

நீங்கள் தாமதமாகத் தட்டுகிறீர்கள். ஆனால் கை மெதுவாக இருப்பதால் இல்லை. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய யாருக்கும் ஏறத்தாழ கால் நொடி ஆகும். வயதானால் அது கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் மில்லிநொடிக் கணக்கு. உங்களைக் கொல்வது அது இல்லை.

கொல்வது இதுதான்: வேகம் கூடும்போது ஓட்டம் மட்டும்தான் வேகமாகிறது. தரையிலிருந்து கூரைக்கு விழும் நேரம் அப்படியே இருக்கிறது. (உங்கள் விளையாட்டிலும் அப்படியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் ஆடியவற்றில் பெரும்பாலும் அப்படித்தான்.) கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: ஆள் நொடிக்கு 6 கட்டம் (இங்கே கட்டம் என்றால் திரையில் ஒரு சதுர அளவு தூரம்) ஓடுகிறான், தரையிலிருந்து கூரைக்குப் போக 0.4 நொடி. அப்படியானால் ஒரு திருப்பத்தில் 2.4 கட்டம் முன்னால் நகர்ந்துவிடுவான். வேகம் 12 ஆனால் அதே திருப்பத்துக்கு 4.8 கட்டம் தேவை. செங்குத்தாக ஏறிய பாதை இப்போது படுத்துவிட்டது. உங்கள் கண்ணோ பழைய தூரத்தையே நினைவில் வைத்துக்கொண்டு, "முள் இவ்வளவு பக்கத்தில் வந்தால் தட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதோடு முடியவில்லை. பல விளையாட்டுகளில் விழுவது ஒரே சீரான வேகத்தில் இல்லை. நிஜத்தில் கல் விழுவதுபோல மெதுவாகத் தொடங்கி வேகம் எடுக்கும். சீரான முடுக்கம் என்றால், உயரத்தில் கால் பங்கைக் கடக்கவே மொத்த நேரத்தில் பாதி போய்விடும். அந்த 0.4 நொடியில் முதல் 0.2 நொடி ஆள் தரைக்கு ஒட்டியேதான் மிதக்கிறான். முள் இருப்பதும் அந்த உயரத்தில்தான். "கிளம்பிவிட்டான், ஆனால் கால் உரசிவிட்டது" என்று எழுதினீர்களே, அது இதுதான். நொடிக்கு 12 கட்டம் என்றால், கால் பங்கு உயர முள்ளைத் தாண்ட 2.4 கட்டம், அதற்கு முன் உங்கள் விரல் அசையும் கால் நொடிக்கு 3 கட்டம், மொத்தம் 5.4 கட்டம். பழைய வேகத்தில் 2.7 போதுமாயிருந்தது. ஆக முள் இரண்டு மடங்கு தொலைவில் இருக்கும்போதே முடிவெடுத்திருக்க வேண்டும்.

அதனால் ஆளைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பந்தைப் பிடிப்பவர் தன் கையையா பார்க்கிறார்? பார்வை திரையின் வலது மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். ஆள் எங்கே இருக்கிறான் என்பது ஓரக்கண்ணுக்குத் தெரியும், அது போதும். முதலில் ஆடும்போது கண்டபடி சாவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கண் அங்கே நிலைத்துவிட்டால் வேகம் குறைந்ததுபோலத் தோன்றும்.

அப்புறம் ஒன்று. இறங்கும் இடத்தைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும், தப்பிக்கும் முள்ளைப் பார்த்து இல்லை. முள்ளைப் பார்த்துத் தட்டுகிறவர் கூரையில் என்ன இருக்கிறது என்று அந்தரத்தில் போகும்போதுதான் கவனிப்பார். மேலே சொன்ன வகை விளையாட்டில் அந்தரத்தில் எதையும் மாற்ற முடியாது.


பட்டன்பித்து:

மேலே உள்ளவர் இயற்பியல் வகுப்பே எடுத்துவிட்டார், நல்ல விளக்கம். ஆனால் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் தடைகள் மாறி மாறி வரும் முடிவில்லாத விளையாட்டுக்குச் சரி. தடைகள் மாறாத லெவல் என்றால் கண்ணுக்கு வேலையே இல்லை, மனப்பாடம்தான். ஜியோமெட்ரி டேஷில் பயிற்சி முறை இருப்பதே அதற்காகத்தான்: நடுநடுவே செக்பாயின்ட் போட்டுக்கொண்டு, சாகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடலாம். அதில் சிலந்தி என்று ஒரு வடிவம் வரும். தட்டினால் விழவே விழாது, எதிர்ப்பரப்பில் சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே மேலே சொன்ன 0.4 நொடிக் கதை எதுவும் செல்லாது. உங்கள் விளையாட்டில் தடைகள் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். முழுக்க மாறுவதுபோலத் தெரிந்தாலும், கைவசம் உள்ள சில துண்டுகளையே மாற்றி மாற்றி ஒட்டுவதுதான் இந்த மாதிரி விளையாட்டுகளின் வழக்கம்.

அப்புறம் கருவி. மின்னல்விரல் கேட்டது சரியான கேள்வி.

வலது கட்டைவிரலை எடுங்கள் முதலில். ஆள் வலப்பக்கம் ஓடுகிறான், வரப்போகும் முள்ளும் வலப்பக்கம்தான் இருக்கிறது, அதன்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு முள் தெரியவில்லை என்றால் எப்படி? திரையில் எங்கே தட்டினாலும் ஒன்றுதான் என்றால் இடது ஓரத்தில் இடது கட்டைவிரலால் தட்டுங்கள். விரலைத் திரைக்கு மிக அருகிலேயே வைத்திருங்கள், ஓங்கி அடிக்காதீர்கள்.

விரல் பட்டதும் திரும்புகிறதா, எடுத்ததும் திரும்புகிறதா என்று பாருங்கள். எடுத்ததும் என்றால் அழுத்தித் தட்டும் பழக்கமே உங்களுக்கு எதிரி. புளூடூத் ஹெட்போனில் இசையைக் கேட்டு அதற்கு ஏற்பத் தட்டுகிறீர்கள் என்றால் அதையும் கழற்றுங்கள், ஒலி பிந்தி வரும். போனை டீவியில் இணைத்து ஆடுவதானால் டீவியில் கேம் மோட் இருக்கும், போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றுகிறேன் என்று டீவி அதுபாட்டுக்கு நேரம் எடுத்துக்கொள்ளும்.


கூரைநடையன்:

இருவருக்கும் நன்றி. அந்தரத்தில் தட்டிப் பார்த்தேன், திரும்பவில்லை; கால் பட்டால்தான். ஆக ஆறாம்வி சொன்ன முதல் வகை. இடது விரலுக்கு மாறியதில் முதலில் கை நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்தது, இப்போது பரவாயில்லை. முள் உரசும் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. மூன்றாம் கட்டத்தில் கொஞ்ச தூரம் போகிறேன்.

ஆனால் ஒரு இடம் தலைவலி. தரையில் முள், உடனே கூரையில் முள், மறுபடி தரையில் முள் என்று நெருக்கமாக வருகிறது. வலப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றும் தெரிகிறது. ஆனாலும் இரண்டாவதுக்கு வந்ததும் எத்தனை தட்டினேன், இப்போது எங்கே இருக்கிறேன் என்று குழம்பிவிடுகிறது.


ஆறாம்வி:

தட்டுகளை எண்ணாதீர்கள். இடத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய அமைப்பில் பாதுகாப்பான இடங்கள் கூரை, தரை, கூரை. அது திரைக்குள் வந்ததும் வாய்க்குள் "மேல், கீழ், மேல்" என்று சொல்லிவிடுங்கள். ஒரே பட்டன் என்பதால் தட்டுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ஒரே தட்டு இப்போது மேலே அனுப்பும், அடுத்து கீழே அனுப்பும். எண்ண ஆரம்பித்தால் ஒன்று விட்டுப்போனதும் எல்லாம் தலைகீழாகிவிடும். இடமாகச் சொன்னால், ஏற்கெனவே கூரையில் இருந்தால் முதல் "மேல்"-க்குத் தட்டவே வேண்டாம் என்பதும் தானாகவே புரியும். உங்கள் பதற்றத் தட்டில் பாதி இந்த வேண்டாத தட்டுதான் என்று நினைக்கிறேன்.

நெருக்கமான முட்களில் இன்னொரு விஷயம், கால் பட்டால்தான் திருப்ப முடியும் என்பதால் இரண்டு தட்டுக்கு நடுவில் குறைந்தது ஒரு முழு விழும் நேரம் இருந்தே தீரும். அதற்குள் தட்டுவது வீண். அதனால் மூன்றும் சேர்ந்து ஒரு தாளம் ஆகிவிடுகிறது, எந்த வேகத்திலும் அந்தத் தாளம் மாறாது. டக்... டக்... டக். முதல் தட்டைச் சரியான இடத்தில் போட்டுவிட்டு, மற்ற இரண்டையும் காதால் தட்டுங்கள். விளையாட்டில் கால் பதியும் சத்தம் இருந்தால் அதை அணைக்காதீர்கள்.

மேசையில் விரலால் தட்டியும் பழகலாம், சிரிக்காதீர்கள்.


மின்னல்விரல்:

இதையெல்லாம் படித்த பிறகுதான் தெரிகிறது, நானும் வாய்க்குள் "மேல் கீழ்" சொல்லிக்கொண்டுதான் ஆடுகிறேன். "சும்மா தட்டு" என்றது அதைத்தான் போல!

ஆறாம்விக்கு ஒரு கேள்வி: விவிவிவிவிவியில் ஒரு சின்னக் கட்டையைத் தாண்டுவதற்காகப் பல திரை முள்ளுக்கு நடுவே மேலே போய் அப்படியே திரும்பி விழ வேண்டுமே, அங்கேயும் கண் போகும் திசையிலா? எனக்கு அது இன்னும் முடியவில்லை.


ஆறாம்வி:

அந்தக் கட்டை! முழங்கால் உயரம்கூட இருக்காது. நாம் ஆட்டும் கேப்டனுக்குக் குதிக்கத் தெரியாது என்பதால் அவ்வளவு தூரம் சுற்ற வைக்கிறார்கள். அங்கே திரை ஓடாது, ஒவ்வொரு அறையாகச் சட்டென்று மாறும். அதனால் அடுத்த அறை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. பட்டன்பித்து சொன்ன மனப்பாடம்தான் வழி. ஒவ்வொரு அறைக்கும் "இடது, இடது, வலது" என்று உள்ளே நுழையும் முன்பே கை தயாராக இருக்க வேண்டும். உச்சியில் நீங்கள் போய் ஒட்டும் தளம் தொட்டதும் உதிர ஆரம்பிக்கும், அங்கே யோசிக்க நேரம் இல்லை. பிறகு அதே அறைகள் மேலிருந்து கீழாக வரும். ஏறும்போது பழகிய வரிசையைப் பின்னிருந்து, இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ரொம்பக் கடுப்பானால் அமைப்புகளில் விளையாட்டின் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 80 சதவீதத்தில் வைத்து வழியைப் பழகிவிட்டு, அப்புறம் முழு வேகத்துக்குப் போங்கள்.


கூரைநடையன்:

"மேல் கீழ்" வேலை செய்கிறது. சத்தமாகவே சொல்லிவிடுகிறேன் போல, பக்கத்து அறையிலிருந்து மகள் "அப்பா, மெதுவா" என்கிறாள். இப்போது நான்காம் கட்டத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: கூரையே இறங்கி இறங்கி வந்து இடைவெளி குறுகுகிறது. விழும் நேரமும் குறையும் அல்லவா?


ஆறாம்வி:

குறையும். முன்பு சொன்ன சீரான முடுக்கம் என்றால், தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது, பத்தில் ஏழு பங்கு அளவுக்கு இருக்கும். தாளம் கொஞ்சம் வேகமாகும், நினைக்கிற அளவுக்கு இல்லை. சீக்கிரம் தட்டிவிடாதீர்கள்.