வரைபடத்தில் 250, டேப்பில் 165 அடி: மிச்ச 85 அடி எங்கே போனது?

பாலக்கோட்டான்:
எங்கள் கொல்லை பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பத்திரத்தில் 40 சென்ட். மாங்கன்று வைத்துச் சுற்றிக் கம்பிவேலி போடலாம் என்று தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்த பழைய எஃப்.எம்.பி. (சர்வே துறையின் புல அளவு) வரைபடத்தை எடுத்தேன். நீளத்தில் 250, அகலத்தில் 160, மூலைக்கு மூலை குறுக்கே போகும் ஜி லைனில் 297 என்று எழுதியிருக்கிறது, எந்த அளவு என்று எங்கும் இல்லை (ஓரம் முழுக்க செல் அரித்துவிட்டது). நானும் தம்பியும் டேப் பிடித்தால் நீளம் 165 அடி, அகலம் 106 அடிதான் வருகிறது. பெரியப்பா கொல்லை ஒட்டினாற்போல இருக்கிறது. அவர் 85 அடி தள்ளி வரப்பு போட்டுவிட்டார் என்று அப்பா நேற்றிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். பட்டாவிலோ 0.16.0 என்று இருக்கிறது, அதுவும் புரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

மொரப்பூர் சைட்டுக்காரர்:
அளக்கிற சங்கிலி ஒன்று 100 அடி, அதில் 100 கண்ணி. ஆக ஒரு கண்ணி ஒரு அடி. 250 என்றால் 250 அடிதான் தம்பி, விடாதீர்கள்.

பழைய சங்கிலி:
ஐயையோ, இதைக் கேட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். 100 அடிச் சங்கிலி என்று ஒன்று உண்டுதான், ரோடு, கட்டட வேலைக்கு. நிலம் அளந்தது 66 அடிச் சங்கிலியில், 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தது. அதிலும் 100 கண்ணிதான், வரைபடக் கணக்கில் லிங்க்ஸ் என்பார்கள், ஆனால் ஒரு லிங்க் 7.92 அங்குலம், அதாவது 0.66 அடி. 250-ஐ 0.66-ஆல் பெருக்குங்கள். சரியாக 165. உங்கள் நிலம் எங்கேயும் போகவில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், பத்திரத்தை நம்புங்கள். 250 × 160 = 40,000. ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், ஆக 40 சென்ட். இதையே அடி என்று வைத்தால் 40,000 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கு 435.6 என்று வகுத்தால் கிட்டத்தட்ட 92 சென்ட் வரும். உங்கள் தாத்தா 92 சென்ட் வாங்கிவிட்டு 40 என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டார் இல்லையா?

பட்டாவில் இருப்பது முதலில் ஹெக்டேர், அடுத்து ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு). ஒரு ஏர் 2.471 சென்ட், 40 சென்ட் என்றால் 16.187 ஏர். அதைத்தான் 16.0 என்று எழுதியிருக்கிறார்கள், அரை சென்ட்டுக்கும் குறைவான வித்தியாசம். புது வரைபடம் வாங்கினால் அளவு மீட்டரில் இருக்கும். அதில் 50.3, 32.2 என்று பார்த்துவிட்டு அடுத்த பஞ்சாயத்தைக் கூட்டாதீர்கள், அதுவும் இதே கொல்லைதான்.

பாலக்கோட்டான்:
அண்ணா, கோடி நன்றி. அப்பாவிடம் சொன்னேன், பாதி நம்பிவிட்டார். மீதிப் பாதி அகலத்தில் நிற்கிறது: 160 × 0.66 = 105.6, அதாவது 105 அடி 6 அங்குலம். டேப்பில் 106 வருகிறதே, அரை அடி கூடுதலாக?

பழைய சங்கிலி:
முதலில் .6 என்பது 6 அங்குலம் இல்லை. 0.6 அடியை 12-ஆல் பெருக்கினால் 7.2 அங்குலம், ஆக 105 அடி 7 அங்குலம். இந்த இடத்தில் வழுக்காத ஆளே கிடையாது, நானும் ஒரு தடவை கல்லைத் தப்பான இடத்தில் ஊன்றிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கியிருக்கிறேன்.

மிச்சம் ஐந்து அங்குலம். அகலவாட்டில் கொல்லை சரிவா?

பாலக்கோட்டான்:
ஆமாம் அண்ணா. மேல் வரப்பிலிருந்து ஓடைப்பக்கம் நன்றாக இறங்கும், இரண்டு ஆள் உயரமாவது இருக்காது?

பழைய சங்கிலி:
இருக்க வேண்டியது ஒன்பது அடி, உங்கள் இரண்டு ஆள் கொஞ்சம் குட்டை என்று வைத்துக்கொள்கிறேன். வரைபடத்து அளவு மட்டமாகப் பிடித்தது. நீங்கள் டேப்பைத் தரையோடு சரித்துப் போட்டிருப்பீர்கள், 106 அடிக்கு ஒன்பது அடி இறங்கினால் ஐந்து அங்குலம் கூடும். பத்துப் பதினைந்து அடியாகப் படி படியாக, டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்து பாருங்கள். அப்படியே மூலைக்கு மூலையும் ஒரு தடவை, 297 லிங்க்ஸ் என்றால் 196 அடி வர வேண்டும். குறுக்கு சரியாக வந்தால்தான் மூலை சரி.

ஓசூர் எல்லை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லை தாண்டி கர்நாடகத்தில் நிலம் பார்த்தால் குண்டா என்பார்கள். 33 அடிச் சதுரம், 1089 சதுர அடி, இரண்டரை சென்ட். 40 குண்டா ஒரு ஏக்கர். உங்கள் கொல்லை அங்கே இருந்தால் 16 குண்டா. பட்டாவில் 16 ஏர், அங்கே 16 குண்டா, இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். ஒரு ஏர் 1076 சதுர அடி, கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாலக்கோட்டான்:
இன்று காலை அளந்துவிட்டோம். அகலம் 105 அடி 7, குறுக்கு 196 அடி 1 அங்குலம். தென்மேற்கு மூலைக் கல் மட்டும் கிடைக்காமல் திண்டாடினோம். பெரியப்பாவே கடப்பாறையோடு வந்து புளியமரத்து வேருக்கடியில் ஒரு முழம் தோண்டிக் காட்டினார். அப்பா அவரைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார், எதற்கு அளந்தோம் என்று மட்டும் சொல்லவில்லை.