புதுப்பிப்பு: மலிவான ஆங்கிள் கிரைண்டரா, தரமானதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் துருவேறிய எங்கள் வீட்டு இரும்பு வாயிற்கதவைச் சீரமைக்க, மலிவான ஆங்கிள் கிரைண்டர் (சுழலும் வட்டால் இரும்பைத் தேய்க்கவும் அறுக்கவும் உதவும் கைக்கருவி) போதுமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். அவசரத்தில் மலிவானதையே வாங்கினேன். துரு சுரண்டும்வரை குறையில்லை. தடித்த கம்பிகளை அறுக்கத் தொடங்கியதும் தலைப்பகுதி தொட முடியாதபடி சுட்டது, இரண்டாம் வாரத்தில் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்தது, அதை மாற்ற வெளிமூடியும் இல்லாததால் கருவியின் உடலையே பிரிக்க நேர்ந்தது.

ஆயினும் என்னை மாற்றியது வேறொன்று. வேலையின் நடுவே மின்சாரம் போயிற்று. இயங்கும் நிலையில் பூட்டிய சுவிட்சை அணைக்க மறந்து கீழே வைத்திருந்தேன், மின்சாரம் திரும்பியதும் கருவி தானாகச் சுழன்று தரையில் பாய்ந்தது. என் பேரன் அருகில் இல்லாதது இறையருள். மின்வெட்டு பழகிப்போன நம் நாட்டில், மின்சாரம் திரும்பினாலும் தானாக இயங்காத பாதுகாப்பு வசதி கொண்ட கருவிக்கே கூடுதல் விலை தரலாம் என்று உறுதியாகச் சொல்வேன். இப்போது அத்தகைய ஒன்றையே பயன்படுத்துகிறேன்.

கருவியில் மாட்டும் வட்டு பற்றிக் கேட்டவர்களுக்கு: 115 மில்லிமீட்டர் வட்டில் பொதுவாக நிமிடத்துக்கு 13,300 சுற்று என அச்சிட்டிருக்கும், கருவியின் வேகம் அதைத் தாண்டக் கூடாது. வட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள்.