வாரண்டியில் இருக்கும் ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கம்பெனிக்கு எப்படி அனுப்புவது?

மலையடிவாரம் (அந்தியூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. அந்தியூருக்கு வடக்கே, பர்கூர் மலை ஏறும் இடத்தில் எங்கள் தோட்டம். சாளையில் நானும் அம்மாவும் மட்டும்தான், ராத்திரி கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்குக் குரல் எட்டாது. தற்காப்புக்கு என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக்கொடுத்து, ஒன்றரை வருஷம் அலைந்து லைசென்ஸ் வாங்கினேன். 12 போர் ரெட்டைக்குழல், புதுசு, கோயம்புத்தூரில் ஒரு கடையில் வாங்கி ஏழு மாசம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் பத்துத் தோட்டா போட்டுப் பார்த்தேன். வலது குழலில் ஐந்தும் வெடித்தது, இடதில் இரண்டுதான் வெடித்தது. வெடிக்காத மூன்றையும் வெளியே எடுத்துப் பார்த்தால், பின்பக்கம் பித்தளைக்கு நடுவில், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் ஊசியால் லேசாகத் தொட்ட மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். வலது குழலில் வெடித்ததில் மிளகு உட்காரும் அளவுக்குக் குழி இருக்கிறது. அந்த மூன்றையும் வலதில் போட்டேன், மூன்றும் வெடித்தது. ஆக தோட்டா மேல் குறை இல்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால், வாரண்டி இருக்கிறது, ஃபேக்டரிக்கு அனுப்புங்கள், ஒரு ஸ்குரூவையும் தொடாதீர்கள் என்கிறார்கள். ஃபேக்டரி இருப்பது வடக்கே, என் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். கூரியர் ஆபீசில் என்ன பொருள் என்று கேட்டார்கள், சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். பங்காளி ஒருத்தர், பம்பு ஸ்பேர் பார்ட்ஸ் என்று எழுதி லாரி சர்வீஸில் போட்டுவிடு என்கிறார். பவானியில் தெரிந்த லேத் பட்டறைக்காரர், கேப்பைக் குத்தும் பின்னைக் கழற்றிக் கொண்டுவா, அரை மணி நேரத்தில் புதுசு கடைந்து தருகிறேன் என்கிறார். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

ஆனைமலைக்காரன் (பொள்ளாச்சி)

பயம் சரியான பயம்தானுங்க, அதை விடாதீர்கள். பம்பு ஸ்பேர் என்று எழுதி அனுப்பி வழியில் பெட்டி திறந்துகொண்டால், வாரண்டி கிடக்கட்டும், லைசென்ஸே போய்விடும், கேஸும் வரும். லேத் பட்டறை அதைவிட மோசம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டும் இல்லை, ரிப்பேர் செய்து கொடுப்பதற்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. அதில்லாமல் தொழிலாகச் செய்கிறவருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம். அவர் நல்ல மனசோடு உதவி செய்ய வருகிறார், உங்களால் அவர் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது.

வழி ஒன்றுதான், வாங்கின கடைக்கே கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் டீலர் லைசென்ஸ் இருக்கிறது, கம்பெனிக்கு அனுப்பத் தேவையான போக்குவரத்து அனுமதியை அவர் பெயரில் எடுத்து அவர்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டவே வேண்டியதில்லை. துப்பாக்கி நம்பர், லைசென்ஸ் நம்பர், யூஐஎன் (லைசென்ஸ்தாரருக்குக் கொடுக்கும் தனி அடையாள எண்), தேதி, என்ன குறை, எல்லாம் எழுதி முத்திரை போட்ட ரசீது கைக்கு வரும்வரை கடையை விட்டு இறங்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் .32 ரிவால்வர் உருளை சரியாக நிற்காமல் இப்படித்தான் கம்பெனிக்குப் போனது. நாலு மாசம் கழித்து வந்தது, ஆனால் வந்தது வேறு துப்பாக்கி. ரிப்பேர் செய்வதற்குப் பதிலாகப் புதுசே கொடுத்துவிட்டார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் நம்பர் வேறு, என் லைசென்ஸில் இருப்பது பழைய நம்பர். கடைக்காரர் கொடுக்க மாட்டேன் என்றார், அவர் செய்தது சரிதான். கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி, மனுப் போட்டு, நம்பரை மாற்றி எழுதி வாங்குவதற்குள் இன்னொரு ஐந்து மாசம் ஓடிவிட்டது. துப்பாக்கி கடை அலமாரியில், நான் ஆபீஸ் வராந்தாவில்.

அப்புறம் ஒன்று கேட்கணும். வெடிக்காத தோட்டாவை உடனே திறந்தா எடுத்தீர்கள்? சில சமயம் கேப் தாமதமாகப் பிடிக்கும். முழுசாக ஒரு நிமிஷம் குழலை இலக்கைப் பார்த்தபடியே வைத்திருந்து பிறகுதான் திறக்கணும். இதை எந்த ரேஞ்சிலும் முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

காங்கேயத்துப் பையன் (டெக்சஸ்)

சொந்த ஊர் காங்கேயம் பக்கம், இங்கே வந்து பதினொரு வருஷம் ஆகிறது. யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் துப்பாக்கியைப் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டு ஊரில் சிலர் என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

இங்கே 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். உரிமையாளரே ரிப்பேருக்காக நேராகக் கம்பெனிக்கு அனுப்பலாம், கம்பெனி அதைச் சரிசெய்தோ அதே வகையில் மாற்றுத் துப்பாக்கியாகவோ நேராக உரிமையாளருக்கே திருப்பி அனுப்பலாம், நடுவில் கடை தேவையில்லை. ஆனால் பெரிய கூரியர் கம்பெனிகள் லைசென்ஸ் இல்லாத தனிநபரிடம் துப்பாக்கிப் பார்சல் வாங்குவதில்லை. அதனால் பல கம்பெனிகள் தங்கள் கணக்கில் லேபிள் அச்சடித்து நமக்கு மெயிலில் அனுப்பிவிடும், அதை ஒட்டிக் கொடுத்தால் போதும். அந்த வசதி எல்லாம் இந்த நாட்டுச் சட்டத்தால் வருவது. நம் ஊரில் அந்த லேபிளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே பழகியதில் உங்களுக்கும் உதவுவது உண்டு. பெட்டிக்குள் ஒரு தோட்டாகூட, காலித் தோட்டாகூட இருக்கக்கூடாது. பெல்ட், ஸ்லிங், உறை எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள், திரும்பி வராது. நம்பர் தெளிவாகத் தெரிகிற மாதிரியும், கட்டையில் ஏற்கெனவே இருக்கும் கீறலையும் போட்டோ எடுத்து வையுங்கள். வெடிக்காத கேப்பையும் வெடித்த கேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோவைக் குறைக் கடிதத்தோடு வையுங்கள். சும்மா "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அங்கே இரண்டு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய ஃபைல் (ஈரோடு)

தம்பி, நான் ஆயுத லைசென்ஸ் ஃபைல்கள் பார்த்த செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சிக்காரர் சொன்னது சரி, இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கடைக்கு நீங்களே போக முடியாவிட்டால். ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. லைசென்ஸ்தாரர் கூட இருந்தாலோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தாலோ, லைசென்ஸ் இல்லாத ஒருவர் ரிப்பேருக்காகத் துப்பாக்கியை எடுத்துப் போகலாம். வாய்வார்த்தை செல்லாது, கையெழுத்துப் போட்ட கடிதம், லைசென்ஸ் நகல் இரண்டும் கூட இருக்கணும். ஆனாலும் நீங்களே அசல் லைசென்ஸோடு போவதுதான் நல்லது. கோபியிலோ அவிநாசியிலோ வண்டியை நிறுத்திக் கேட்டால் உங்கள் முகத்தையும் லைசென்ஸில் இருக்கும் போட்டோவையும் பார்த்து விட்டுவிடுவார்கள், உங்கள் மச்சானுக்கு அது நடக்காது.

இரண்டாவது, உங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம். துப்பாக்கி இந்தத் தேதியில் இந்தக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எழுதி, ரசீது நகல் வைத்து, ஒப்புகை வாங்குங்கள். எந்தச் சட்டமும் கேட்பதற்காகச் சொல்லவில்லை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனில் இருந்து ஆள் வரும். அப்போது துப்பாக்கி எங்கே என்று கேட்டால், கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு பெரியவர் அப்படிச் சொல்லிவிட்டு மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்ததைப் பார்த்திருக்கிறேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

நம்பர் மாறும் விஷயத்தை இப்போதே கம்பெனிக்குப் போகும் குறைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள்: மாற்றுத் துப்பாக்கி கொடுப்பதாக இருந்தால் அனுப்பும் முன் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் என்று.

மலையடிவாரம் (அந்தியூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆனைமலை அண்ணா, உடனேதான் திறந்தேன், தெரியாமல் செய்துவிட்டேன், இனி செய்ய மாட்டேன்.

நேற்று விடியற்காலையில் கிளம்பிக் கடைக்குப் போனேன். குழலையும் கட்டையையும் தனித்தனியாகக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்து, தோட்டாவை வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போனேன். கடைக்காரர் முதலில், விட்டுவிட்டுப் போங்கள், போன் பண்ணுகிறேன் என்றார். ரசீது வேண்டும் என்றதும் கொஞ்சம் முகம் மாறியது, ஆனால் ரிஜிஸ்டரை எடுத்து நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து என்னையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மாற்றுத் துப்பாக்கி பற்றிய வரியையும் அவர் லெட்டர்ஹெட்டிலேயே சேர்த்துவிட்டார். ஸ்டேஷன் ஒப்புகை இன்று மத்தியானம் வாங்கியாச்சு. துப்பாக்கி வந்ததும் நம்பர் அதேதானா என்று இங்கே எழுதுகிறேன்.