ஆடித்தபசில் நாங்கள் 'கடத்திய' குழந்தை

1996, தாமரை அணி:

நம் பள்ளியில் சாரணியராக இருந்த நினைவுகளை எழுதச் சொன்னால், எல்லாரும் முகாமில் சோறு கருகிய கதையையே எழுதுகிறீர்கள். கருகாத சோற்றை நாம் என்றைக்குத் தின்றோம்? நான் கோயில் சேவைக்குப் போன கதையை எழுதுகிறேன்.

பிந்தி வந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் முன்கதை. அப்போது சங்கரன்கோவில் திருநெல்வேலி மாவட்டம். தென்காசியோடு சேர்ந்ததெல்லாம் 2019இல்தான். பெண்கள் பள்ளியில் சாரணியர் என்று யாரும் சொல்ல மாட்டோம், 'கைட்ஸ்' தான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். தாமரை, மல்லிகை, ரோஜா, சூரியகாந்தி என்று நாலு அணி. இறைவணக்கப் பாட்டு இந்தியில். அதைத் தமிழெழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணினோம். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று தெரியும், அர்த்தம் தெரியாது. கைகுலுக்குவது இடது கையால். ஊரிலிருந்து வந்த மாமாவிடம் ஒருநாள் பழக்கதோஷத்தில் இடது கையை நீட்டி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இன்னொன்று, ஸ்கார்ஃப் நுனி முடிச்சு. காலையில் போட்டால், யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்த பிறகுதான் அவிழ்க்கலாம். இதற்காகவே ரோட்டைக் கடக்க வைக்க வயதானவர்களைத் தேடி அலைவோம். கஷ்டப்பட்டுக் கடக்கும் அளவுக்கு அப்போது நம் ஊரில் வண்டி ஏது?

சரி, கதைக்கு வருகிறேன். ஆடித்தபசு பன்னிரண்டு நாள் திருவிழா. பதினோராம் நாள் சாயங்காலம் கோமதி அம்மனுக்குச் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுப்பார். அன்று ஊரே கொள்ளாது. ஆனால் கொடியேறிய நாளிலிருந்தே பெண்கள் ஆடிச்சுற்று, அதாவது கோயிலை வலம் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நேர்ந்துகொண்டபடி நூற்றெட்டுச் சுற்று. அதற்கும் மேலே போகிறவர்களும் உண்டு. தபசுக்கு ரெண்டு நாள் முன்பு, தண்ணீர் கொடுக்க எங்கள் அணியில் நாலு பேரை டீச்சர் நிறுத்தியிருந்தார்.

தூண் ஓரமாக ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தது. மூன்று, மூன்றரை வயதிருக்கும். அழவில்லை. இதை இப்போது சொல்கிறேன், அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. பெயர் கேட்டோம். "பாப்பா" என்றது. அம்மா பெயர்? "அம்மா." அவ்வளவுதான், தூக்கிவிட்டோம். நான்தான் இடுப்பில் வைத்திருந்தேன். என் ஸ்கார்ஃப் முடிச்சை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தது.

வாசலில் மைக் வைத்திருந்தவர், பாப்பா என்ற குழந்தை இங்கே இருக்கிறது, சம்பந்தப்பட்டவர்கள் உடனே வரவும் என்று மூன்று தடவை சொன்னார். திருவிழாக் கூட்டத்தில் எந்தக் குழந்தைதான் பாப்பா இல்லை? ஐந்தாறு பெண்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி இடுப்பில் தன் பிள்ளையை வைத்துக்கொண்டே வந்தாள்.

டீச்சர் வந்தார். குழந்தை எங்கே இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். வகுப்பில் 24 பொருளை மேசையில் பரப்பி ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் துணியால் மூடுவார்கள் இல்லையா, அதில் நான் எப்போதும் இருபதுக்கு மேல் எழுதுவேன். குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பூக்கூடை இருந்தது நாலு பேரில் ஒருத்திக்கும் ஞாபகமில்லை. பூக்கார அம்மா டீ குடிக்கப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில்தான் நாங்கள் தூக்கியிருக்கிறோம்.

அப்புறம் வந்தாள் ஆச்சி. வியர்வையில் நனைந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"ஏட்டி, இங்கனயே இருன்னு பூக்காரிகிட்ட சொல்லி உக்கார வச்சுட்டுல்லா சுத்தப் போனேன்! உங்கள யாரு தூக்கச் சொன்னா?"

நாங்கள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்டார். ஆச்சிக்கு ஆத்திரம் குழந்தைக்காக மட்டும் இல்லை. எழுபத்தொன்று சுற்றினாளா, எழுபத்திரண்டா என்பது பதற்றத்தில் மறந்துபோய்விட்டது. முதலிலிருந்து சுற்றக் காலில் தெம்பில்லை. கடைசியில் அவளே தீர்ப்புச் சொன்னாள். எழுபதென்று வைத்துக்கொள்வோம், மிச்சத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்களும் கூடவே வர வேண்டும்.

முப்பத்தெட்டுச் சுற்று! நாலு பேரும் குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கினோம். எண்ணிக்கைக்கு ஒரு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாகப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள் ஒருத்தி. பாதியில் குழந்தை தூங்கிப்போய்விட்டது. முடிந்ததும் ஆச்சி எங்கள் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிவிட்டு, "நல்லா இருங்கட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் காலைத் தூக்க முடியவில்லை.

1998, ரோஜா அணி:

அக்கா, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னுடையது சிரிக்கிற கதை இல்லை.

கைட்ஸில் முதல் படியான பிரவேஷில் ஆரம்பித்து, அடுத்த படிகளான மூன்று சோபானும் முடித்தேன். அடுத்தது ராஜ்ய புரஸ்கார், நாம் ஆளுநர் விருது என்போமே அது. தேர்வு முகாம் வெளியூரில், ராத்திரி தங்க வேண்டும். வயதுக்கு வந்த பிள்ளை என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். டீச்சர் வீட்டுக்கே வந்து முக்கால் மணி நேரம் பேசினார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்கு அப்பா சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

போய்வந்தவள் என் பக்கத்து பெஞ்சுக்காரி. குச்சியை வைத்து மரத்தின் உயரத்தைக் கணக்குப் போட்டது, பாத்திரமே இல்லாமல் தணலில் உருளைக்கிழங்கு சுட்டது, பாசறைத் தீயில் ஆடியது, எல்லாம் சொன்னாள். அதெல்லாம் பரவாயில்லை. ராத்திரிக் காவலில் இன்னொரு பெண்ணோடு ரெண்டு மணி நேரம் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தாளாம், சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு. விருது கிடைத்திருந்தால் எங்கேயாவது பரணில் கிடந்திருக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துக்காக எனக்கு அவள்மேல் இன்னும் பொறாமை. கல்யாணமாகும்வரை நான் ஒரு ராத்திரிகூட வானத்துக்குக் கீழே உட்கார்ந்ததில்லை, வீட்டு மொட்டைமாடி உட்பட.

2003, மல்லிகை அணி:

சோற்றுக் கதை வேண்டாம் என்றாலும் ஒரு வரி. அடுப்பில் வைக்கும் முன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் களிமண் பூசினால் கரி பிடிக்காது, தேய்ப்பது சுலபம். நான் ஆர்வத்தில் உள்ளேயும் பூசியவள். ரசம் கெட்டியாக இருக்கிறது என்று ஆய்வுக்கு வந்த மேடம் பாராட்டினார்.

ரோஜா அக்கா, 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் சாரண சாரணியர் பெருந்திரளணி (ஜம்போரி) நடந்ததே, என் மகள் போனாள். ஏழு நாள். கேட்டதும் என் வாயிலும் முதலில் "வேண்டாம்" தான் வந்தது. பையைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு ஏழு ராத்திரியும் தூங்காமல் கிடந்தேன். அவள் போனில் பேசியது மொத்தமே நாலு நிமிஷம், அதிலும் பாதி முறுக்கு எத்தனை பாக்கெட் வேண்டும் என்று.

தாமரை அக்கா, ஒரு சந்தேகம். அன்றைக்கு முடிச்சை அவிழ்த்தீர்களா?

1996, தாமரை அணி:

எல்லாருக்கும் அதே சந்தேகம்தான் அன்றைக்கும். குழந்தையைத் தூக்கியது நல்ல காரியமா, சுற்றியது நல்ல காரியமா என்று டீச்சரிடம் கேட்டோம். "வீட்டுக்குப் போங்க" என்றார்.

அவிழ்க்க நினைத்தாலும் முடியவில்லை. பாப்பா சப்பிச் சப்பி ஈரத்தில் முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். நான் பிடுங்கிக்கொண்டேன். ராத்திரி கோணி ஊசியை விட்டு நெம்பி, ஒருவழியாக அவிழ்த்தேன். உள்ளே கொஞ்சம் மிட்டாய் ஒட்டியிருந்தது. பூக்கார அம்மா கொடுத்திருப்பாள்.