'பர்மா ராணி' பாட்டுப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-இல் வெளியிட்ட 'பர்மா ராணி' படத்தின் பாட்டுப் புத்தகத்தை ரொம்ப நாளாகத் தேடுகிறேன். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படை வீரர்களின் கதை. மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரமே இயக்கி, ஜப்பானியத் தளபதியாகவும் நடித்தார். ராணியாக கே.எல்.வி.வசந்தா. ஆங்கிலேய அரசின் போர்ப் பிரசாரத்துக்காக எடுத்த படம் என்பதால் இதைப் பற்றி இன்று பேசுவோர் குறைவு. தமிழில் போர்ப் படங்களே அபூர்வம், அதனால்தான் எனக்கு இது பொக்கிஷம்.

அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, நியாயமான விலை தருகிறேன். விற்க மனமில்லை என்றால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினாலே போதும். அப்புறம், அசல் பதிப்பையும் நகலையும் தாளை வைத்துப் பிரித்தறியத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.