வலது டயர் மட்டும் ஏன் சுற்றுகிறது? லாஞ்சுக்குச் சஸ்பென்ஷன் மாற்றியவர்களின் அனுபவங்கள்

மிச்சிகனில் இருக்கிறேன். என் கார் 1967 செவர்லே கமாரோ, 350 கன அங்குல எஞ்சின், ஆட்டோமேட்டிக். நான்கு வருடமாகக் கோடையில் டிராக் ஸ்ட்ரிப்புக்கு, அதாவது நேர்கோட்டில் பந்தயம் ஓட்டும் பாதைக்கு, போய்வருகிறேன். முதல் வருடம் முழுக்க ஒரே தொல்லை. லாஞ்சில், அதாவது பச்சை விளக்கு எரிந்ததும் மிதித்துக் கிளம்பும்போது, பின்பக்கம் தடதடவென்று குதிக்கும். முதல் 60 அடியைக் கடக்கவே 2.2 விநாடி ஆகும்.

ஒரு கடையில் யோசனை கேட்டேன். காரைத் தாழ்த்தும் கெட்டி ஸ்பிரிங், முன்னால் தடித்த ஸ்வே பார் (கார் பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் கம்பி), விறைப்பான ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது) எல்லாம் மாட்டிவிட்டார்கள். வளைவில் கார் அருமையாகத் திரும்பியது. லாஞ்ச் இன்னும் மோசமாகிவிட்டது. முன்பக்கம் எழும்பாவிட்டால் பின் டயருக்கு எடை எப்படிப் போகும்? அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம்தான் மனைவியிடம் போனைக் கொடுத்து, பக்கவாட்டில் நின்று ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொன்னேன். அன்று இரவு அதை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். டயர் தரையைப் பிடித்ததும் பின் ஆக்சிலைத் (சக்கர அச்சை) தாங்கும் ஸ்பிரிங் பட்டை பாம்புபோல் நெளிகிறது, ஆக்சிலின் முன்பக்க மூக்கு மேலே தூக்குகிறது, பட்டை திரும்ப உதறுகிறது, டயர் பிடியை விடுகிறது. மறுபடி பிடிக்கிறது, மறுபடி விடுகிறது. 1967 கமாரோவில் வந்தது ஒற்றைப் பட்டை. இரண்டு ஷாக்கும் ஆக்சிலுக்கு ஒரே பக்கம். 1968இல் செவர்லே ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றிவைத்ததே இந்தக் குதிப்பை அடக்கத்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். ஓட்டம் முடிந்து டயரைத் தொட்டால் இடது வெதுவெதுப்பு, வலது கைவைக்க முடியாத சூடு. எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் முறுக்கும்போது ஆக்சிலின் வலது முனையைத் தூக்கி, இடது முனையை அமுக்குகிறது. எடை குறைந்த வலது டயர்தான் முதலில் சுற்றும்.

இதெல்லாம் புரிந்த பிறகுதான் செலவு செய்தேன். முதலில் பிடிமானம் அதிகமுள்ள டிராக் ரேடியல் டயர். அடுத்து பல பட்டை ஸ்பிரிங்கோடு கால்ட்ராக் பார். ஆக்சில் முறுக்க முயலும்போது இந்தப் பார் முன்னோக்கித் தள்ளி, முன்முனையில் உள்ள முக்கோணத் துண்டைப் பட்டையின்மேல் அழுத்தும். பட்டை நெளிய வழியில்லை; அந்த விசை டயரைத் தரையோடு அமுக்குகிறது. குதிப்பு அன்றோடு நின்றது. வலப்பக்கப் பாருக்கு மட்டும் கால் சுற்றுத் திருகு கூடுதலாக ப்ரீலோட் (முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம்) கொடுத்ததும் கார் நேராகவும் கிளம்பியது. கடைசியாக அந்தத் தடித்த ஸ்வே பாரைக் கழற்றிவிட்டு, முன்னால் 90/10 ஷாக் போட்டேன்: சட்டென்று நீளும், மெதுவாகத்தான் சுருங்கும். இப்போது 60 அடிக்கு 1.7.

உங்கள் காரில் எது பலித்தது? எழுதுங்கள்.

●

அண்ணா, என்னுடையது 1989 ஃபோர்ட் மஸ்டாங், 5.0 லிட்டர் எஞ்சின். இதில் பட்டை கிடையாது. சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங், ஆக்சிலை உடலோடு இணைக்க மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கன்ட்ரோல் ஆர்ம். குதிப்பு மட்டும் அதேதான். ஃபோர்டே அதற்காகப் படுக்கைவாக்கில் இரண்டு கூடுதல் ஷாக் வைத்திருக்கிறது, அப்படியும் நிற்கவில்லை. கீழ் ஆர்ம் வெறும் தகடு, அதன் முனையில் உள்ள புஷ் மெத்து ரப்பர். லாஞ்சில் வளைந்து கொடுத்துவிடும். அதை மாற்றினேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உற்சாகத்தில் மேல் ஆர்முக்கும் பாலியூரித்தேன் புஷ் போட்டேன், அது தப்பு. மேல் ஆர்ம் சாய்வாக இருப்பதால் கெட்டி புஷ்ஷில் சஸ்பென்ஷன் இறுகிப்போகிறது. ரப்பரையே திரும்ப மாட்டிவிட்டேன்.

வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு ஏர் பேக் (காற்றடைக்கும் பை) வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன கால் திருகு வேலையை எனக்குக் காற்று செய்கிறது. செலவும் குறைவு.

●

நானும் மஸ்டாங்தான், 1991. கீழ் ஆர்மின் பின்முனையை இறக்கிவைக்கும் பிராக்கெட் போட்டேன். டயரை ஓங்கி அமுக்குகிறது, ஆனால் அரை விநாடி கழித்து விட்டுவிடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றவா?

●

தம்பி, ஸ்பிரிங்கில் கைவைக்காதீர்கள். பிராக்கெட்டில் ஓட்டை இரண்டு மூன்று இருக்கும். கீழ் ஓட்டையில் மாட்டியிருந்தால் ஒன்று மேலே ஏற்றிப் பாருங்கள். ஓங்கி அடித்த டயர் திரும்பி எழும்பும்போதுதான் பிடி போகிறது. பின் ஷாக் அட்ஜஸ்டபிளாக இருந்தால் நீளும் பக்கத்தை இரண்டு க்ளிக் இறுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டுப் பக்கவாட்டு வீடியோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.